புற்றுநோய் சிகிச்சைக் காலத்தைக் கொஞ்சம் நிம்மதியாகக் கடக்க: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீமோ வார்டிலும் ஓபி வரிசையிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: “தாங்கிக்கோம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.” ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சால் பலர் வாந்தியையும் வாய்ப்புண்ணையும் வலியையும் டாக்டரிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இருக்கிறது, முதல் மருந்து கேட்காவிட்டால் மாற்று மருந்தும் இருக்கிறது. சொல்லாமல் தாங்குகிறவர் சாப்பிட முடியாமல் எடை குறைகிறார், உடம்பு தளர்கிறது, அடுத்த கீமோ தள்ளிப்போகிறது. ஆகவே சிகிச்சை நடக்கும்போது ஓரளவு நன்றாக இருப்பது ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். சிகிச்சை குறித்த நாளில் முடியவே அது தேவை.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துக் குடும்பங்களோடு மருத்துவமனைக்குப் போய்வந்ததில் தெரிந்துகொண்டதையும், புற்றுநோய் மருத்துவர்களும் செவிலியர்களும் பொதுவாகச் சொல்வதையும் சேர்த்து வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் அவர்தான்.

படி 1: தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டியவை

முதல் கேள்வி: இந்த சிகிச்சை நோயை முழுதாகக் குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா? கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பதில் தெரிந்தால்தான் வேலை, பணம், பிள்ளைகள் படிப்பு எதையும் திட்டமிட முடியும். அடுத்தது, எத்தனை கீமோ, எத்தனை நாள் இடைவெளி, எந்த மருந்து. மருந்தின் பெயரை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவிளைவுகள் மருந்துக்கு மருந்து மாறும்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டுக்கு ஏற்கெனவே போடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, பப்பாளி இலைச் சாறு என்று எது எடுத்தாலும் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும், சில மருந்தின் வேலையைக் குறைக்கும். திட்டுவார்களோ என்று மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். “ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், முழுசாகக் குணமாக்குகிறேன்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இளம் வயதில் இருப்பவர்கள், பின்னால் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முதல் கீமோவுக்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். ஆண்கள் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம், பெண்களுக்கும் வழிகள் உண்டு. கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சிகிச்சை நடக்கும் மாதங்களில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதால் கருத்தடை பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள்.

வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கப் போகிறார்கள் என்றால் முதலில் பல் டாக்டர். ஆடும் பல், சொத்தைப் பல்லை முன்னாலேயே எடுத்துப் புண் ஆறியிருக்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். மாவா, ஹான்ஸ், பீடி, சிகரெட் எதுவானாலும் இந்த இடத்தில் நிறுத்தியாக வேண்டும். சிகிச்சை நடக்கும்போது புகையிலை தொடர்ந்தால் வாய்ப்புண் மோசமாகும், கதிர்வீச்சின் பலனும் குறையும். தனியாக விட முடியவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள், நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவிகள் இருக்கின்றன.

கடைசிக் கேள்வி, என் கணக்கில் முக்கியமான கேள்வி: ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? சிகிச்சை அடையாறிலோ ராயப்பேட்டையிலோ நடக்கும், வீடு எண்ணூரில் இருக்கும். அந்த நேரத்தில் நகரத்தைக் குறுக்கே கடப்பதா, பக்கத்தில் உள்ள ஸ்டான்லி அவசரப் பிரிவுக்கு ஓடுவதா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

படி 2: ஒரு ஃபைல், ஒரு நோட்டு

ஃபைலின் முதல் தாள் நீங்களே எழுதியதாக இருக்கட்டும். பெயர், வயது, ரத்த வகை, என்ன புற்றுநோய், என்ன கீமோ மருந்து, கடைசி கீமோ எந்தத் தேதி, எந்த மருந்து ஒவ்வாமை. அவசரப் பிரிவில் உங்களைப் பார்த்தே இராத ஒரு இளம் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொள்வார். பயாப்ஸி, சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

நோட்டில் தினமும் ஐந்தாறு வரி போதும்: உடம்புச் சூடு, எத்தனை முறை வாந்தி, மலம் போன விதம், வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், தூங்கினாரா. ஓபியில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். “உடம்பே முடியல சார்” என்று சொன்னால் அவரால் எதையும் பிடிக்க முடியாது. “கீமோ போட்ட மூணாவது நாளிலிருந்து தினம் நாலு தடவை வாந்தி, கொடுத்த மாத்திரை கேக்கல” என்று சொன்னால் உடனே மருந்தை மாற்றி எழுத முடியும். அதிகம் படுத்தும் தொந்தரவை முதலில் சொல்லுங்கள். கதவுப் பக்கம் திரும்பும்போது ஞாபகம் வந்து சொல்வதற்கு நேரம் இருக்காது.

படி 3: பணமும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கீமோ, கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை எல்லாம் இதில் வருகின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். சென்னை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு நடக்கிறது, பாரிமுனையிலிருந்து பக்கம்தான். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். நோய் என்று தெரிந்த வாரத்திலேயே இந்த வேலையை ஒருவர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணலி, எண்ணூர், அம்பத்தூர் கம்பெனிகளில் இஎஸ்ஐ பிடிக்கப்படுகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் என்றால், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் வரை, 2 ஆண்டு வரை கூட நீட்டித்துக் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு 2 ஆண்டுத் தொடர் வேலையும் போதிய சந்தாவும் இருக்க வேண்டும். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையிலோ உங்கள் கிளை அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள்.

பயணத்துக்கு மெட்ரோ பெரிய உதவி. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கி ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போய்விடலாம். அதே வண்டியில் ஆயிரம் விளக்கில் இறங்கினால் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், சின்னமலையில் இறங்கினால் அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் ஆட்டோவில் சின்ன தூரம். பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு சென்ட்ரல் போகும் மின்சார ரயில் சுலபம். பெண்களுக்கு மாநகரச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்றாலும், கீமோ முடிந்து திரும்பும்போது கூட்டமான பஸ் வேண்டாம். அந்த ஒரு வேளைக்கு ஆட்டோ செலவை முன்பே ஒதுக்கி வையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிப் புழுதியும், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் புகையும் இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள்.

படி 4: கீமோ ஏற்றும் நாள்

வெறும் வயிற்றோடு வரச் சொல்லாவிட்டால் இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கையை எளிதாக மடிக்கிற தளர்வான சட்டை அல்லது ஜாக்கெட், ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில். வாந்தி வராமல் தடுக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்த நேரத்தில் போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அதை அடக்குவது கஷ்டம். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம் வந்தால் அடுத்த நொடியே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சில மருந்துகள் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையையே புண்ணாக்கிவிடும். மூச்சு இறுக்கம், உடம்பு அரிப்பு, நெஞ்சு அடைப்பு, திடீர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். சிஸ்டர் வேலையாக இருக்கிறாரே என்று தயங்க வேண்டிய நேரம் இது இல்லை.

கீமோவோடு ஸ்டீராய்டும் கொடுப்பதுண்டு. அன்றிரவும் மறுநாளும் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும், முகம் சிவக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் போடலாமா என்று கேளுங்கள், தூக்கம் ஓரளவு காப்பாற்றப்படும்.

வீட்டுக்கு வந்த பிறகு சுமார் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கும். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கழிவறையை இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். லைன் வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிவறை என்று இருக்கும். அங்கே மற்றவர்களுக்குப் பயமில்லாமல் இருக்க, உபயோகித்ததும் ஒரு வாளி தண்ணீர் அதிகம் ஊற்றினால் போதும். கர்ப்பிணிகள் இந்தச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்க வேண்டாம். மற்றபடி தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையே இல்லை. புற்றுநோய் தொற்றாது. தனித்தட்டு நோயாளியின் மனதை உடைக்கும், வேறு எந்தப் பயனும் அதில் இல்லை.

படி 5: கீமோவுக்குப் பிந்தைய இரண்டு வாரம்: காய்ச்சல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கும். அந்த நாட்களில் சின்னக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், நடுக்கம் வந்தால், அது எந்த மணியானாலும் மருத்துவமனை. 108ஐக் கூப்பிடலாம்.

டோலோ போட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. மாத்திரை சூட்டை அமுக்கிக் காட்டும், கிருமி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வார்த்தை: “கீமோ நடந்துட்டு இருக்கு, காய்ச்சல்.” அதோடு அந்த முதல் தாளை நீட்டுங்கள்.

தடுப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கைகழுவுவதுதான் முக்கியம். பார்க்க வருபவர்களும் கழுவட்டும். சளி, இருமல் இருப்பவர்கள் போனிலேயே விசாரிக்கட்டும். பக்கத்து வீட்டில் யாருக்காவது அம்மை போட்டு, நோயாளி அவர்களுக்கு அருகில் இருந்திருந்தால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். முன்னதாகவே கொடுக்கும் மருந்து உண்டு. வடிவுடையம்மன் கோயிலுக்குப் போக மனம் கேட்டால் கூட்டமில்லாத நேரத்தில் போய் வரலாம். ஆடி மாதத் தெருக் கூழும் அன்னதானமும் மட்டும் இந்த வருடம் வேண்டாம்.

மேலும் உடனே போக வேண்டியவை: நிற்காத மூக்கு ரத்தம் அல்லது ஈறு ரத்தம், கருப்பாக மலம், தண்ணீர்கூட நிற்காத வாந்தி, வழக்கத்தைவிட நாலு முறைக்கு மேல் பேதி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர்க் குழப்பப் பேச்சு.

படி 6: சாப்பாடு

ஊர் முழுக்க ஆலோசனை சொல்லும் விஷயம் இது. மீன் ஆகாது, முட்டை ஆகாது, சர்க்கரை போட்டால் கட்டி வளரும் என்று ஆளுக்கு ஒரு பத்தியம் சொல்வார்கள். சிகிச்சையில் இருப்பவருக்குப் பத்தியத்தால் எடை குறைவதுதான் உண்மையான ஆபத்து. சர்க்கரை நோய் இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு வேண்டும், மற்றவர்கள் காபியில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

தேவை புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுவான இலக்கு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 70 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டே அளவு வைக்க வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் சொச்சம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். காசிமேடு பக்கத்தில் இருக்கிறது, மீனை விடுவானேன்? முள் எடுத்து, காரம் குறைத்துச் செய்த சுறாப் புட்டு மெல்ல வேண்டியதில்லாத அருமையான சாப்பாடு. சைவம் என்றால் பருப்புக் கடைசல், சுண்டல், பன்னீர், சத்துமாவுக் கஞ்சியில் பால்.

மூன்று வேளை தட்டு நிறைய வைக்காதீர்கள், பார்த்தாலே குமட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். காலையில் பசி சற்று நன்றாக இருக்கும், பெரிய சாப்பாட்டை அப்போது வையுங்கள். வாசனைதான் பலருக்கு எதிரி. ஒரே அறை வீட்டில் மீன் பொரித்தால் அவர் எங்கே போவார்? தாளிக்கும் நேரத்தில் அவரை வாசலிலோ மாடியிலோ உட்கார வையுங்கள். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, சுடச்சுடக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. வாயில் இரும்பு ருசி அடித்தால் எவர்சில்வருக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்பூனும் பீங்கான் தட்டும் வைத்துப் பாருங்கள். வாய்ப்புண் இல்லாவிட்டால் எலுமிச்சை, புதினா, கொஞ்சம் ஊறுகாய் நாக்கை எழுப்பும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து போகிறவர்கள் மட்டும் கீமோவுக்குப் பிறகு சில நாட்கள் ஐஸ் தண்ணீரையும் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது, தொண்டை இறுகும், விரல்கள் மரத்துப்போகும்.

ரத்தம் ஏற சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), பீட்ரூட், மாதுளை என்று கொடுப்பார்கள். நன்றாக வேகவைத்த சுவரொட்டியைச் சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் கீமோவில் ரத்தம் குறைவது எலும்பு மஜ்ஜையின் உற்பத்தி தடைபடுவதால்தான் பெரும்பாலும். அதை உணவால் மட்டும் சரிக்கட்ட முடியாது. ரத்தம் ஏற்றச் சொன்னால் சரி என்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளை அணு குறைந்த நாட்களில் எல்லாம் வெந்ததாக, அன்றே சமைத்ததாக இருக்க வேண்டும். பழைய சோறு, அரைவேக்காட்டு ஆம்லெட், வெட்டி வைத்த பழம், தெருவோர சட்னி, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) எல்லாம் கவுன்ட் ஏறின பிறகு. லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆற்றியே குடிக்கக் கொடுங்கள்.

பேதி என்றால் ஓஆர்எஸ், மோர், அரிசிக் கஞ்சி. பேதியை நிறுத்தும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள், தொடர்ந்து குறைந்தால் உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். விழுங்கவே முடியாத நிலையில் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்பார்கள். குழாய் என்றதும் குடும்பமே அழும். வாய், தொண்டை ஆறும்வரை சத்துக் குறையாமல் பார்க்க அது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடு. சரி என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

படி 7: வாய்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும். புண் வரும்வரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே தொடங்குங்கள். மிருதுவான பிரஷ் வேண்டும், எரியும் கடை மவுத்வாஷ் வேண்டாம். நாக்கில் வெள்ளைத் திட்டு படர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து. புண் வலியால் சாப்பிட முடியாவிட்டால் சாப்பிடும் முன் தடவும் மரப்பு ஜெல் கேளுங்கள். வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்தாக வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி ஒவ்வொன்றாகக் கூட்டிச் செய்யும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருவார். வலிக்கிறது என்று விட்டால் தாடை இறுகிவிடும், பிறகு திறப்பது மிகவும் சிரமம்.

படி 8: கரண்ட் வைக்கும் நாட்கள்

நம் பக்கம் கரண்ட் என்று சொல்லும் வெளிக் கதிர்வீச்சு, பொதுவாக வாரம் ஐந்து நாள், நோயைப் பொறுத்துச் சில வாரங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான், வைக்கும்போது வலிக்காது. வீட்டுக்கு வந்து பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், உடம்பில் கதிர் எதுவும் தங்காது. நடுவில் நாட்களை விடுவதுதான் கெடுதல், குறிப்பாகத் தொண்டை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில். கல்யாணம், காதுகுத்து எதற்காகவும் விடாதீர்கள்.

வரைந்த அடையாளங்களைத் தேய்த்து அழிக்கக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர், வேப்பிலை அரைத்தது எதுவும் டாக்டர் சொல்லாமல் பூச வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒற்றியெடுக்கும் துணி, தளர்வான பருத்தி உடை. நம்ம ஊர் வேர்வைக்கு அக்குளும் மார்பின் அடிமடிப்பும் சீக்கிரம் புண்ணாகும், ஈரமாக உரிய ஆரம்பித்தால் அன்றே காட்டுங்கள்.

கர்ப்பப்பை வாய்க்குக் கதிர்வீச்சு எடுத்த பெண்களிடம் யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றும் உண்டு. பிறப்புறுப்பு குறுகி இறுகலாம், தாம்பத்தியம் மட்டுமில்லை, பின்னால் டாக்டர் பரிசோதிப்பதும் வலிக்கும். இதைத் தடுக்க டைலேட்டர் என்ற சாதனமும் பயிற்சியும் இருக்கின்றன. “மேடம், இதைப் பத்தி யாரும் சொல்லல” என்று ஒரு பெண் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேட்டுவிடுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 9: அசதி, முடி, விரல் மரத்தல்

இந்த அசதி தூங்கி எழுந்தாலும் போகாது. முழுநேரமும் படுத்தே இருந்தால் இன்னும் கூடும். முடிந்த நாட்களில் பத்து நிமிடம் தெருவிலோ மாடியிலோ நடப்பது, பிறகு கொஞ்சம் கூட்டுவது. மருந்தில்லாமல் அசதியைக் குறைப்பதில் இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்டது வேறு எதுவும் இல்லை. வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தால் ஏறி இறங்குவதை ஒரே தடவையாக்கத் திட்டமிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஸ்டூல் கேட்டுப் போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் மறுக்க மாட்டார்கள்.

முடி கொட்டும் மருந்தாக இருந்தால் முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கொத்தாக வரும். முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. மருந்து நின்ற சில மாதங்களில் முடி திரும்ப வளரும். கை, கால் விரல்கள் மரத்தாலோ ஊசி குத்துவது போல் இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதுவரை கொதிக்கும் பாத்திரத்தைத் துணியோடு பிடிக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும்.

படி 10: வலி

வலி மாத்திரையை வலி வரட்டும் என்று காத்திருக்காமல், மணி பார்த்துப் போட வேண்டும். ஒருமுறை உச்சத்துக்குப் போன வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும். மார்பின் என்று எழுதினால் குடும்பங்கள் இரண்டு பயம் கொள்கின்றன: அடிமையாகிவிடுவார், இல்லாவிட்டால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் சரியான அளவில் போடுபவர் அடிமையாவது அரிது. சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வலி இருந்தால் அது மருந்து. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் மலமிளக்கியும் கூடவே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கும். கீமோ நடக்கும்போதே அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

படி 11: மனசும் வீட்டுப் பேச்சும்

“அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்” என்று மகன் சொல்வார். உள்ளே போனால் அப்பா, “எனக்குத் தெரியும் சார், பசங்ககிட்ட சொல்லாதீங்க, பயப்படுவாங்க” என்பார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுகிறார்கள். நான் பார்த்தவரை மறைத்த வீடுகளில் நோயாளி இன்னும் தனியாகிப்போகிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “உடம்பைப் பத்தி டாக்டர் சொல்றதை உனக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?” என்று அவரையே கேளுங்கள். அவர் விரும்பும் அளவு சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் எளிய வார்த்தையில் உண்மையைச் சொல்ல வேண்டும்: அம்மாவுக்கு நோய், மருந்தால் முடி கொட்டும், உன்னால் வந்தது இல்லை, உனக்குத் தொற்றாது.

விசாரிக்க வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்து இறந்தவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்ற வீட்டில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். “தைரியமா இரு” என்பதைவிட, “வியாழக்கிழமை நான் கூட வர்றேன்” என்பது உதவும்.

நோயாளி வீட்டின் அம்மாவாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். கீமோ முடிந்த மறுநாளே அடுப்படியில் நிற்பார், யாரும் நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். சமையல், தண்ணீர் பிடிப்பது, ரேஷன், துவைப்பது என்று வேலைகளை எழுதி, எதிரே வேறொருவர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் வாரத்தில் ஒரு அரைநாள் ஓய்வு அதே தாளில் இருக்கட்டும். அவரது சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் தவறக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் இல்லை, அழுகை, உயிரை விடலாம் என்ற நினைப்பு என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள். டெலிமானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104ஐயும் கூப்பிடலாம்.

படி 12: மழைக்காலத் தயாரிப்பு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிகிச்சை இருந்தால் இதை விடாதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி எப்படிச் சிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2023 மிக்ஜாம் புயலில் நாட்கணக்கில் வெளியேற முடியாமல் இருந்தவர்களும் இங்கே பலர். இரண்டு வார மாத்திரை கையிருப்பு, ஃபைல் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட், தெர்மாமீட்டர், கொதித்த தண்ணீர். புயல் எச்சரிக்கை வந்தால், கவுன்ட் இறங்கும் வாரமாக இருந்தால், மருத்துவமனைக்கு அருகில் மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். தேங்கிய தண்ணீரில் நோயாளி கால் வைக்கவே கூடாது. கொசுவலை கட்டாயம். டெங்குவும் தட்டணுவை (பிளேட்லெட்) குறைக்கும், கீமோவும் குறைக்கும்.

படி 13: கடைசி கீமோ முடிந்ததும்

என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எத்தனை கதிர்வீச்சு என்ற முழு விவரச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த பரிசோதனைத் தேதிகள், எந்த அறிகுறி வந்தால் தேதிக்கு முன்பே வர வேண்டும், மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைத்த போர்ட் இருந்தால் அதை எப்போது எடுப்பார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அசதியும் விரல் மரத்தலும் இன்னும் சில மாதம் இருக்கலாம். வேலைக்குத் திரும்புபவர் முதலில் அரைநாள் வேலை கேட்டுப் பார்க்கலாம், சுமை தூக்கும் வேலையாக இருந்தால் டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். உடம்பு நன்றாகத் தேறிய பிறகும் பரிசோதனைத் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள், நோட்டையும் ஃபைலையும் அப்போதும் எடுத்துப் போங்கள்.